குறிப்பறிதலும் கேட்டறிதலும்

நுழையும்முன்

சிரிப்பு மகிழ்ச்சியின் அடையாளம், கண்ணீர் துயரத்தின் அடையாளம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாழ்க்கையிலோ இவை இடம் மாறி நிற்பதையும் காண்கிறோம். ஒரே முகக்குறிப்பை ஒவ்வொரு பண்பாட்டினரும் ஒவ்வொரு வகையாகப் பொருள் கொள்கின்றனர். பல மொழியினரும் பல வாழ்க்கைமுறையினரும் கூடி வாழும் தருமபுரி மாவட்டத்தைக் களமாகக் கொண்டு, பிறர் உணர்வை அறியும் முறை குறித்து ஆசிரியர் ஒருவர் முன்வைக்கும் கருத்துகள் இக்கட்டுரையில் இடம்பெறுகின்றன.

ஒரு சிரிப்பின் பொருள்

அரூர்ப் பகுதியில் உள்ள பள்ளி ஒன்றில் நான் ஆசிரியப் பணியேற்ற முதலாண்டு அது. சித்தேரி மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த மாணவன் ஒருவன் ஒரு வாரம் வகுப்புக்கு வரவில்லை. எட்டாம் நாள் வந்தான். “ஏன் இத்தனை நாள் வரவில்லை?” என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். மீண்டும் கேட்டேன், மீண்டும் சிரித்தான். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் என்னை எள்ளி நகையாடுகிறான் என்று முடிவு செய்து, பாடவேளை முடியும்வரை வெளியே நிற்கவைத்தேன். மாலையில் அவனுடைய ஊரைச் சேர்ந்த மாணவி ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்தாள். “ஐயா, அவன வளத்த ஆயா செத்துப்போயிடுச்சுங்க. எல்லார் முன்னாலயும் அழுதுடக் கூடாதுன்னுதான் சிரிச்சான்” என்றாள்.

பாடநூலில் ஒரு சொல்லுக்குப் பொருள் விளங்கவில்லையென்றால் அகராதியைப் புரட்டும் வழக்கமுடையவன் நான். ஆனால், ஒரு சிறுவனின் சிரிப்புக்குப் பொருள் தெரிந்துவிட்டதாக நொடிப்பொழுதில் முடிவு செய்துவிட்டேன். அம்முடிவுக்கான தண்டனையை அனுபவித்தவனோ அவன்.

பிறர் உணர்வை அறிவது எல்லார்க்கும் இயல்பாகவே வாய்த்த திறன் என்று நம்புகிறோம். அந்நம்பிக்கையில் பாதியே உண்மை. உணர்வை வெளிப்படுத்தும் முறையும் அதற்குப் பொருள் கொள்ளும் முறையும் நாம் வளர்ந்த வீடு, ஊர், மொழி, பண்பாடு ஆகியவற்றால் பெரிதும் உருவாகின்றன. ஆகவே, முகத்தைக் கண்டவுடன் தீர்ப்பளிக்காமல் கேட்டறிவதே முறை. பிறர் வாழ்வைத் தீர்மானிக்கும் இடத்தில் இருப்போர்க்கு அது தவிர்க்கக் கூடாத கடமையுமாகும் என்பதே என் கருத்து.

முன்னோர் கண்ட நெறி

உணர்வு உடல்வழி வெளிப்படுவதைத் தனி இயலாகவே ஆராய்ந்த மரபு நம்முடையது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாம் இயல் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு என்கிறார் தொல்காப்பியர். ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிலிருந்து பிறக்கும் என்றும் வகுக்கிறார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியன நகையின் களன்கள். இளிவு, இழவு, அசைவு, வறுமை ஆகியன அழுகையின் களன்கள்.

இங்கே கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புருவம் எப்படி வளையும், இதழ் எப்படி விரியும் என்று பட்டியலிடுவதோடு தொல்காப்பியர் நிற்கவில்லை. அவ்வுணர்வு எதிலிருந்து பிறந்தது என்பதை முதன்மைப்படுத்துகிறார். பிறந்த களனை அறியாதவர் மெய்ப்பாட்டை அறிந்தவராகார். நகை பிறக்கும் இடங்களுள் எள்ளல் ஒன்று மட்டுமே. அந்த ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு நான் ஒரு மாணவனைத் தண்டித்தேன். அவன் சிரிப்பின் களனை நான் வினவவே இல்லை. மேலும், கண்ணாலும் செவியாலும் தெளிவாக உணரவல்லார்க்கன்றி மெய்ப்பாட்டின் பொருள் எளிதில் வசப்படாது என்ற கருத்தோடு அவ்வியல் நிறைவு பெறுகிறது. காண்பதோடு கேட்பதும் வேண்டும் என்பது அதன் உட்பொருள்.

திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. 71ஆம் அதிகாரம் அரசவையில் அமைச்சன் அறிய வேண்டிய குறிப்பைப் பேசுகிறது. 110ஆம் அதிகாரம் காதலர் ஒருவர்க்கொருவர் அறியும் குறிப்பைப் பேசுகிறது. அவையில் ஒரு பார்வைக்கு உள்ள பொருள் வேறு. அன்புடையார் நடுவே அதே பார்வைக்கு உள்ள பொருள் வேறு. காமத்துப்பாலின் நிறைவில் வரும் ஊடலையே எடுத்துக்கொள்வோம். முகம் திரும்பியிருக்கும், சொல் சுடும், வெளியிலிருந்து காண்பவர் அதைச் சினம் என்பார். அதனுள் இருப்பதோ அன்பு. தமிழறியாத ஒருவர்க்கு ‘ஊடல்’ என்பதை ஒரு சொல்லில் விளக்கிப் பாருங்கள். உணர்வை அறிவதில் பண்பாட்டின் பங்கு எத்தகையது என்பது தெளிவாகும்.

ஆய்வுகள் காட்டும் உண்மை

மனித உணர்வுகள் உலகெங்கும் ஒன்றுபோல வெளிப்படுகின்றனவா? இவ்வினாவை அறிவியல் நோக்கில் எழுப்பியோருள் முன்னோடி சார்லஸ் டார்வின். 1867இல் அவர் 16 வினாக்களை அச்சிட்டு உலகின் பல பகுதிகளில் வாழ்ந்தோர்க்கு அனுப்பினார். வந்த விடைகளையும் துணையாகக் கொண்டு 1872இல் உணர்வு வெளிப்பாடு குறித்துத் தம் நூலை வெளியிட்டார். முதன்மையான வெளிப்பாடுகள் மனித இனம் முழுமைக்கும் பொதுவானவை என்பது அவர் முடிவு.

சென்ற நூற்றாண்டின் அறுபதுகளின் பிற்பகுதியில் பால் எக்மன் என்னும் அமெரிக்க உளவியலாளர் பப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோர் மக்களிடையே ஆய்வு செய்தார். சிறு கதைகளைச் சொல்லி, அவற்றுக்குப் பொருந்தும் முகப்படத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பெரும்பாலோர் அவர் எதிர்பார்த்த படங்களையே காட்டினர். எனினும், அச்சம் காட்டும் முகத்தையும் வியப்புக் காட்டும் முகத்தையும் அவர்கள் பிரித்தறியவில்லை.

பின்வந்த ஆய்வுகள் வேறுபாடுகளை மேலும் வெளிக்கொணர்ந்தன. நமீபியாவில் வாழும் ஹிம்பா மக்களிடம் முகப்படங்களைக் கொடுத்து, ஒத்தவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார்கள் மரியா ஜென்ட்ரானும் லிசா ஃபெல்ட்மன் பேரட்டும் அவர்தம் குழுவினரும். அமெரிக்கர் பிரித்த முறையில் அவர்கள் பிரிக்கவில்லை. ‘மகிழ்ச்சி’, ‘அச்சம்’ என்பதைவிட, ‘சிரிக்கிறார்’, ‘பார்க்கிறார்’ என்று செயலையே மிகுதியாகச் சொன்னார்கள். அவ்வாய்வு 2014இல் வெளிவந்தது. மேலை நாட்டினர் அச்சம் என்று கருதும், கண் விரிந்து வாய் திறந்த முகத்தைப் பசிபிக் பெருங்கடலின் டிரோப்ரியன்ட் தீவினர் அச்சுறுத்தும் முகமாகப் பொருள் கொண்டதை 2016இல் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் வெளியிட்டனர். அஞ்சுபவரும் அச்சுறுத்துபவரும் ஒரே முகத்தில் காணப்படுவார்களாயின் முகத்தை மட்டும் நம்புவது எவ்வளவு இடர் மிகுந்தது!

ஜப்பானியரிடம் நடத்தப்பெற்ற இரண்டு ஆய்வுகள் நமக்கு நெருக்கமானவை. நடுவில் ஒருவரும் சுற்றிலும் நால்வரும் நிற்கும் ஓவியத்தைக் காட்டி, நடுவில் இருப்பவரின் உணர்வைக் கேட்டனர். சுற்றியிருப்போரின் முகங்களையும் கருத்தில் கொண்டே ஜப்பானியர் விடை கூறினர். மேலை நாட்டினர் பெரும்பாலும் நடுவில் இருப்பவரை மட்டுமே நோக்கினர். இது 2008இல் வெளியான ஆய்வு. முகமும் குரலும் முரண்படும்போது டச்சுக்காரர்களைவிட ஜப்பானியர் குரலுக்கு மிகுதியாகச் செவிசாய்க்கின்றனர் என்பது 2010இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு. கண்ணையும் செவியையும் இணைத்துப் பேசிய தொல்காப்பியம் இங்கே நினைவுக்கு வருகிறது.

இத்துறையில் நாம் மறக்கக் கூடாத பெயர் இந்தியாவில் பிறந்த உளவியலாளர் நளினி அம்பாடி. அவரும் ஹிலரி எல்ஃபென்பைனும் இணைந்து, அதுவரை வெளிவந்த 97 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு கட்டுரை எழுதினர். பிற பண்பாட்டினரின் உணர்வையும் மனிதர்கள் ஓரளவு சரியாகவே அறிகின்றனர். ஆனால், தம்மவரின் உணர்வை மேலும் சரியாக அறிகின்றனர் என்று அதில் காட்டினர். ஒருவரோடு ஒருவர் அருகில் வாழ்ந்து பழகும் குழுக்களிடையே இந்த வேறுபாடு குறைகிறது என்பதையும் சுட்டினர். பழக்கத்தால் இவ்விடைவெளியைச் சுருக்க முடியும் என்னும் நம்பிக்கையை இம்முடிவு தருகிறது.

தகடூர் மண்ணில்

தொலைதூர நாடுகளுக்குச் செல்லாமல் இதே உண்மையை நம் மாவட்டத்திலும் காணலாம். மேற்கே கர்நாடக எல்லை. வீடுகளில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஒலிக்கும் ஊர்கள். சித்தேரியிலும் வத்தல்மலையிலும் வாழும் மலையாளி இன மக்கள். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்லும் இளைஞர்கள். வட மாநிலங்களிலிருந்து இங்கு வந்து உழைக்கும் தொழிலாளர்கள். அன்றாடம் ஒருவர் முகத்தை ஒருவர் படித்துக்கொண்டே வாழ்கிறோம். எத்தனை முறை தவறாகப் படிக்கிறோம் என்பதைத்தான் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் ஊர்களில் நிறைவாழ்வு வாழ்ந்த முதியவர் இறந்தால் அதனைக் ‘கல்யாணச் சாவு’ என்பர். பறை முழங்கும், பூமாரி பொழியும், இளைஞர்கள் ஆடுவர். வேற்று நாட்டினர் ஒருவர் அதைக் கண்டால் விழா என்றே எண்ணுவார். வீட்டினுள்ளே ஒப்பாரி ஒலித்துக்கொண்டிருப்பதை அவர் அறியார். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் பெரியவர் ஒருவர் என்னிடம் கூறியதும் இத்தகையதே. நீர்ச்சுழலைக் கண்டு சிலர் அலறுவார்களாம், சிலர் சிரிப்பார்களாம், சிலர் வாயே திறக்கமாட்டார்களாம். “அலறுறவங்களப் பத்திக் கவலையில்லீங்க. பேச்சு நின்னுபோனவங்களத்தான் திரும்பித் திரும்பிப் பாப்பேன்” என்றார். பல ஊர் மக்களை ஏற்றிச் சென்ற பழக்கம் அவருக்கு அந்த அறிவைத் தந்திருக்கிறது.

தெருக்கூத்தைக் காண்போரும் இத்தகைய பயிற்சி உடையவர்களே. அரிதாரம் பூசிய முகத்தில் நுண்ணிய மாற்றங்கள் தொலைவில் அமர்ந்திருப்போர்க்குப் புலப்படா. ஆயினும், குரலின் ஏற்ற இறக்கத்தாலும் அடவாலும் பாட்டாலும் வெகுளியையும் அழுகையையும் ஊரே உணர்ந்துகொள்கிறது. அம்மொழியைக் கற்றிராத ஒருவர்க்கு அது வெறும் ஆரவாரமாகத் தோன்றும்.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்ற நிகழ்ச்சியைப் புறநானூறு காட்டுகிறது. தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டினான் தொண்டைமான். அவன் படைக்கலங்கள் அணிசெய்யப்பெற்றுப் பொலிவோடு இருப்பதையும், அதியமானின் படைக்கலங்கள் போரில் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதையும் ஔவையார் எடுத்துரைத்தார். சொல்லளவில் அது தொண்டைமானுக்குப் புகழ். பொருளளவில் அவனுக்கு எச்சரிக்கை. சூழலை அறியாத ஒருவர் சொல்லையும் முகத்தையும் மட்டும் கொண்டு அதன் கருத்தை எட்ட இயலாது.

அன்பும் அவ்வாறே மறைந்திருக்கலாம். தமிழ்நாட்டுச் சிற்றூர்க் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், அன்பைப் பற்றி 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். பெற்ற குழந்தையைத் தாய் கண்கொட்டாமல் பார்த்து மகிழ்ந்தால் கண்ணேறு படும் என்னும் அச்சத்தையும், அன்பை அடக்கிவைப்பதே அன்பின் இயல்பாகக் கருதப்படுவதையும் அதில் விளக்கினார். இதை அறியாதவர், நம் தாய்மாரை அன்பு குறைந்தவர் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

இரண்டு மறுப்புகள்

இக்கருத்தை மறுப்போர் இரு திறத்தார். “துன்பம் எங்கும் துன்பமே, நல்ல மனம் இருந்தால் போதும், எவருடைய உணர்வும் விளங்கும்” என்பர் ஒரு சாரார். நல்ல மனத்தின் தேவையை நானும் மறுக்கவில்லை. ஆனால், அன்று அம்மாணவனை வெளியே நிறுத்தியபோது நான் தீய மனத்தோடு இருக்கவில்லை. ஒழுங்கைக் கற்பிப்பதாகவே எண்ணினேன். அறியாமையோடு சேர்ந்த நல்லெண்ணமும் தீங்கு செய்யும்.

“அப்படியானால் ஒவ்வோர் இனத்தாரின் முகக்குறிப்புக்கும் ஒரு பட்டியல் தயாரித்துக்கொள்ளலாமே” என்பர் மற்றொரு சாரார். இது முன்னதைவிட இடர் மிக்கது. ‘மலைவாழ் மக்கள் துயரத்தில் சிரிப்பர்’ என்று நான் எழுதிவைத்துக்கொண்டால் அடுத்த மாணவனின் உண்மையான மகிழ்ச்சியைத் துயரமாக்கிவிடுவேன். ஒரே இல்லத்தில் பிறந்த இருவர்கூட ஒன்றுபோல அழுவதில்லை. பண்பாட்டை அறிந்துகொள்வது ஒருவரைப் பற்றி முடிவு கட்டுவதற்காக அன்று. நம் முடிவு தவறாக இருக்கலாம் என்ற எச்சரிக்கையைப் பெறுவதற்காக.

பொறிகளிடம் ஒப்படைக்கலாமா?

முகத்தைப் படம்பிடித்து உணர்வைக் கணிக்கும் மென்பொருள்கள் இன்று வந்துவிட்டன. வேலைக்கான நேர்காணலிலும் வகுப்பறையிலும் அவற்றைப் பயன்படுத்தும் முயற்சிகள் உலகில் நடைபெறுகின்றன. 2019இல் லிசா ஃபெல்ட்மன் பேரட் உள்ளிட்ட அறிஞர் ஐவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்துத் தம் முடிவை வெளியிட்டனர். சினம் கொண்டவர் புருவம் நெறிப்பது பத்தில் மூன்று முறை அளவிலேயே நிகழ்கிறது. புருவம் நெறிப்பவரும் எப்போதும் சினத்தில் இருப்பதில்லை என்றனர். கூர்ந்து சிந்திக்கும் மாணவனின் புருவமும் நெறியும் அல்லவா?

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய தேவைகள் நீங்கலாகப் பணியிடங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் உணர்வைக் கணிக்கும் பொறிகளைத் தடை செய்துள்ளது. அத்தடை 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நாமும் இதனைக் கருத வேண்டும். ஆசிரியராகிய நான் தவறு செய்தபோது, திருத்திச் சொல்ல ஒரு மாணவி வந்தாள். நானும் அதைக் கேட்டேன். பொறி ஒருவனைச் ‘செருக்குடையவன்’ என்று குறித்துவிட்டால் யாரிடம் சென்று முறையிடுவது?

பொறுப்பு யாருக்கு?

அமைச்சன் அரசனின் குறிப்பறிய வேண்டும் என்பது அக்கால அரசியலின் தேவை. கீழிருப்போர் மேலிருப்போரின் முகத்தைப் படிப்பது இன்றும் தானாகவே நடைபெறுகிறது; படிக்காவிட்டால் அவர்கள் வாழ முடியாது. மாணவர் ஆசிரியரின் முகத்தைப் படிக்கின்றனர். தொழிலாளர் முதலாளியின் முகத்தைப் படிக்கின்றனர். நோயாளி மருத்துவரின் முகத்தைப் படிக்கிறார். மக்களாட்சிக் காலத்தின் தேவை இதன் மறுதலை. மேலிருப்போர் கீழிருப்போரின் குறிப்பறியக் கற்க வேண்டும். வலியைச் சொல்லக் கூசி “ஒன்றுமில்லை” என்னும் பெண்ணின் சொல்லை அப்படியே எழுதிக்கொள்ளும் மருத்துவரும், கண்ணைத் தாழ்த்திப் பேசுபவரைப் பொய்யர் என்று கருதும் அலுவலரும், மொழி புரியாமல் விழிக்கும் வெளிமாநிலத் தொழிலாளியைத் திமிர் பிடித்தவர் என்று ஏசும் மேற்பார்வையாளரும் செய்யும் பிழைக்கு விலை கொடுப்போர் அவர்கள் அல்லர்.

இதற்கு வழி எளியது. ஐயம் எழுந்தால் கேட்பது. பலர் முன்னிலையில் கேட்காமல் தனியே கேட்பது. அவர்க்கு இயல்பான மொழியில் கேட்பது. விடை வரும்வரை காத்திருப்பது. தவறாக எண்ணியிருந்தால் அதை அவரிடமே ஒப்புக்கொள்வது. நாளை நீங்கள் மருத்துவராகவோ காவல் அலுவலராகவோ ஆசிரியராகவோ ஆகலாம். அதற்கு முன்பே, இன்று உங்கள் வகுப்பின் கடைசி இருக்கையில் பேசாமல் அமர்ந்திருப்பவரிடமிருந்து இதைத் தொடங்கலாம்.

மறுநாள் மாலை நான் விடுதிக்குச் சென்றேன். அம்மாணவன் சுவரோரம் அமர்ந்திருந்தான். அருகில் அமர்ந்து, நான் செய்தது தவறு என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, “ஆயா உனக்கு என்ன ஆக்கிப் போடும்?” என்று கேட்டேன். சாமைச் சோற்றையும் கேழ்வரகுக் களியையும் கீரைக் குழம்பையும் பற்றி அவன் சொல்லத் தொடங்கினான். சொல்லும்போது சிரித்தான். பிறகு அழுதான். இம்முறை அவன் சிரிப்புக்கும் அழுகைக்கும் நான் பொருள் தேடவில்லை; அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.